கூட்டமைப்பில் சேரலாமா? ஒரு சிறு அமைப்புக்கு என் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதியோருக்காக இயங்கும் ஒரு சிறு தன்னார்வ அமைப்பு. முழுநேரப் பணியாளர்கள் இரண்டே பேர், மற்றவர்கள் எல்லாம் தொண்டர்கள். அதே பகுதியில் வேலை செய்யும் 14 அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கப் போகின்றன, உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சேர்ந்தால் நிதி கிடைக்கும் என்கிறார்கள் சிலர், ஒரு கூட்டத்துக்குமேல் இன்னொரு கூட்டம் என்று போய் நேரம்தான் வீணாகும் என்கிறார்கள் வேறு சிலர். சேரலாமா, எதில் கையெழுத்துப் போடலாம், கூட்டமைப்பைப் பதிவு செய்ய வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. பெரிய அமைப்புகள் உங்களை விழுங்கிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

சேருங்கள். ஆனால் முதல் கூட்டத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பல வருடங்களாக இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன், பெயர்ப்பலகையோடு நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். நின்றுபோனவை பெரும்பாலும் சண்டையால் நின்றதில்லை. செய்வதற்கு வேலை இல்லாமல்தான் நின்றன.

அதனால் முதல் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தனித்தனியாக நம்மால் முடியாத எந்த வேலையைச் சேர்ந்து செய்யப் போகிறோம்? 'ஒருங்கிணைந்து செயல்படுவோம்', 'முதியோரின் குரலை வலுப்படுத்துவோம்' என்று பதில் வந்தால் அங்கே இன்னும் வேலை ஒன்றும் முடிவாகவில்லை என்று அர்த்தம். 'மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் தனியாள் முதியவரை முதல் 2 வாரம் யார் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்யப் போகிறோம்' என்று யாராவது சொன்னால், சரி, உட்கார்ந்து பேசலாம்.

அடுத்து, எவ்வளவு தூரம் சேரப் போகிறோம் என்பது. ஆர்தர் ஹிமல்மன் என்ற அமெரிக்க ஆலோசகர் இதை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் தகவலை மட்டும் பரிமாறிக்கொள்கிறோம். இரண்டாவதில் அந்தத் தகவலை வைத்து நம் வேலையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறோம்: நீங்கள் செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனை முகாம் வைத்தால் நாங்கள் அதே வாரம் வைப்பதில்லை. மூன்றாவதில் ஆள், வண்டி, இடம், பணம் ஆகியவற்றைப் பகிர்கிறோம். நான்காவதில் மற்ற அமைப்பின் திறமையை வளர்க்கவும் உழைக்கிறோம். மேலே போகப் போக நேரமும் நம்பிக்கையும் அதிகம் தேவைப்படும். நான் பார்த்த மனக்கசப்புகளில் பாதி, ஒரே மேசையில் ஒருவர் முதல் படியிலும் இன்னொருவர் மூன்றாம் படியிலும் உட்கார்ந்திருந்ததால் வந்தவை. ஒருவர் 'வண்டியைக் கொடுப்பீர்கள் என்று நினைத்தேன்' என்பார். மற்றவர் 'வாட்ஸ்அப் குழுவில்தானே சேர்ந்தேன்' என்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. முதல் படியிலேயே நிற்பது கேவலமும் இல்லை. இரண்டு பணியாளர்கள் உள்ள அமைப்புக்குப் பல சமயம் இரண்டாம் படியே போதும்.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். உங்களையும் சேர்த்தால் 15 அமைப்புகள். இரண்டிரண்டாக இணைத்துப் பார்த்தால் 105 உறவுகள் வருகின்றன. 'எல்லோரும் எல்லோரோடும் நெருக்கமாக' என்பது 6 பேருக்குள் நடக்கும் (15 உறவுகள்தான்), 15 பேரிடம் நடக்காது. கீத் பிரவனும் பிரிண்டன் மில்வர்டும் 1995ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. கடும் மனநோய் உள்ளவர்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளின் வலைப்பின்னல்களை நான்கு அமெரிக்க நகரங்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அமைப்புகளுக்குள் எவ்வளவு தொடர்பு அதிகமோ அவ்வளவு நல்லது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் நடுவில் ஒரு அமைப்பு பொறுப்பெடுத்து நடத்திய பிராவிடன்ஸ் நகரத்தில்தான் நோயாளிகளின் நிலை மேலாக இருந்தது. அங்கே பணமும் ஓரளவு போதுமானதாக இருந்தது, ஏற்பாட்டை அடிக்கடி கலைத்துப் போட்டு மாற்றவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வேலை செய்தன.

அப்படியானால் நடுவில் யார்? இதே பிரவன், பேட்ரிக் கெனிஸ் என்பவரோடு சேர்ந்து 2008ல் மூன்று வடிவங்களைச் சொன்னார். உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்தே நடத்துவது ஒன்று. ஓர் உறுப்பினர் அமைப்பு முன்னின்று நடத்துவது இரண்டாவது. ஒருங்கிணைப்புக்காகவே தனியாக ஓர் அலுவலகத்தை வைப்பது மூன்றாவது. முதல் வடிவம் ஆறேழு அமைப்புகளுக்குள், ஏற்கெனவே ஒருவரையொருவர் நம்புகிற இடத்தில்தான் ஓடும். 15 பேருக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான். இரண்டாவதில் செலவு குறைவு, ஆனால் முன்னிற்கும் அமைப்பு சொந்த லாபத்துக்குச் செய்கிறது என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். மூன்றாவதில் அந்தச் சந்தேகம் குறையும், வாடகையும் சம்பளமும் கூடும். இன்னொரு ஆபத்து, சில வருடங்களில் அந்த அலுவலகமே தனி அமைப்பாக வளர்ந்து உறுப்பினர்களோடு நிதிக்குப் போட்டி போடத் தொடங்கும். அப்படி நடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள், முன்மொழிவு எழுதினார்கள், கிடைத்துவிட்டது.

வடிவம் எதுவானாலும் ஒருங்கிணைப்பாளரின் நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். இதைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். ஒருங்கிணைப்பாளர் செய்வது என்ன? கூட்டக் குறிப்பை இரண்டு நாளில் அனுப்புவது, வராதவரைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று விசாரிப்பது, போன மாதம் யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள் என்று ஞாபகம் வைத்திருந்து மெதுவாக நினைவூட்டுவது, இரண்டு தலைவர்களுக்குள் முறுக்கு வந்தால் தனித்தனியே போய் டீ குடித்துப் பேசுவது. இதில் எதுவும் ஆண்டறிக்கையில் படமாக வராது, எந்த நிதியாளருக்கும் கவர்ச்சியாகத் தெரியாது. ஆகவே இது ஏதாவது ஓர் உறுப்பினர் அமைப்பின் பணியாளர் தலையில், அவருடைய சொந்த வேலைக்கு மேல், ராத்திரி ஒன்பது மணி வேலையாக விழும். அவர் எட்டு மாதம் தாங்குவார்.

2011ல் ஜான் கானியா, மார்க் கிரேமர் என்ற இருவர் சின்சினாட்டி நகரத்தின் கல்விக் கூட்டு முயற்சி போன்ற சிலவற்றைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கூட்டு முயற்சி பலிக்க ஐந்து விஷயங்கள் வேண்டும் என்றார்கள்: பொதுவான நோக்கம், ஒரே மாதிரி அளவிடுவது, ஒருவர் வேலைக்கு இன்னொருவர் வேலை துணை நிற்பது, இடைவிடாத பேச்சு, அப்புறம் முதுகெலும்பாக நிற்கும் ஓர் அமைப்பு. ஒருங்கிணைக்க ஆளும் ஏற்பாடும் இல்லாமலே ஒத்துழைப்பு தானாக நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தோல்விக்கு அடிக்கடி காரணமாகிறது என்றும் எழுதினார்கள். நிதி வழங்குவோர் மத்தியில் அந்தக் கட்டுரை வேதவாக்கு மாதிரி பரவியது. அதன்மேல் வந்த விமர்சனமும் நியாயமானது: மேசையைச் சுற்றி அமைப்புகளின் தலைவர்கள் மட்டும் உட்கார்ந்தார்கள், யாருக்காக எல்லாம் நடக்கிறதோ அவர்கள் வெளியே நின்றார்கள். உங்கள் கூட்டமைப்பில் முதியவர்கள் உட்காருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். 'பயனாளிகள் பிரதிநிதி' என்று ஒரே ஒருவரை மூலையில் உட்கார வைப்பதைச் சொல்லவில்லை.

என் கணக்கில் 15 அமைப்புகளுக்குக் குறைந்தது அரை ஆள் வேண்டும், அதாவது வாரத்தின் வேலை நேரத்தில் பாதியை இதற்கென்றே கொடுத்துச் சம்பளம் வாங்கும் ஒருவர். அதற்கு வழி இல்லையென்றால் மாதக் கூட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒன்றாக்கி, செய்யும் வேலையையும் ஒன்றாகக் குறையுங்கள்.

நிதி விஷயத்துக்கு வருவோம். சேர்ந்தால் நிதி கிடைக்கும் என்பது பாதி உண்மை. பெரிய நிதியாளர்களுக்கு 15 சின்ன அமைப்புகளோடு 15 ஒப்பந்தம் போடுவது தொல்லை. கூட்டாக வந்தால் ஒரே ஒப்பந்தம், ஒரே தணிக்கை. ஆனால் அந்தத் தொல்லை மறைந்துபோவதில்லை, முன்னிற்கும் அமைப்பின் கணக்கர் மேசைக்கு இடம் மாறுகிறது. நான் இருந்த ஒரு கூட்டுத் திட்டத்தில் 11 அமைப்புகள். எல்லோருடைய அறிக்கையும் வந்தால்தான் அடுத்த தவணை. ஒருவர் தாமதித்தார், 11 பேருக்கும் பணம் நின்றது. நான்கு மாதம். பெரிய அமைப்புகள் சேமிப்பில் சமாளித்தன. எங்களைப் போன்றவர்கள் கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்தோம். முன்னின்ற அமைப்பு கெட்டதும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. ஒப்பந்தத்தில் யாரும் இதை யோசித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பணம் சம்பந்தமான காகிதம் வந்தால் இவற்றைத் தேடுங்கள்: பணம் வந்த எத்தனை நாளில் உறுப்பினர்களுக்குப் போய்ச் சேரும், ஒருவரின் அறிக்கை தாமதமானால் மற்றவர்களுக்கும் நிற்குமா, முன்னிற்கும் அமைப்பு நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ளும், கணக்கில் ஆட்சேபம் வந்தால் திருப்பிக் கட்டுவது யார். சட்டத்தையும் பாருங்கள். சில நாடுகளில் ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னொன்றுக்கு மாற்றிவிடுவதற்கே தடை இருக்கும். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றவே முடியாது. அந்த ஒரு திருத்தத்தால் 'ஒருவர் வாங்கி எல்லோருக்கும் பிரிப்பது' என்ற மாதிரி அங்கே வெளிநாட்டுப் பணத்துக்கு முடிந்துபோனது.

எப்படிப் பிரிப்பது என்பதற்குப் பிரிட்டனில் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. அங்கே பேரிடர் அவசரக் குழு என்ற கூட்டமைப்பு 1963 முதல் இயங்குகிறது. பெரும் பேரிடர் வந்தால் உதவி அமைப்புகள் தனித்தனியாக நன்கொடை கேட்டு முட்டி மோதாமல், தொலைக்காட்சியில் ஒரே வேண்டுகோள் விடுக்கின்றன. வரும் பணத்தை ஒவ்வோர் உறுப்பினரின் செயல்திறனை வைத்து, முன்னதாகவே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிரித்துக்கொள்கின்றன. எனக்குப் பிடித்தது அந்த 'முன்னதாக' என்பதுதான். பணம் வந்த பிறகு பேசினால் அது பேரமாகிவிடும்.

கூட்டமைப்பில் இருப்பவர்களே ஒரே நிதிக்கு எதிரெதிராக விண்ணப்பிப்பதும் நடக்கும். அதைத் தடுக்க முயலாதீர்கள், முடியாது. 'இந்த நிதிக்கு நாங்கள் தனியாகப் போடுகிறோம்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே விதி போதும். தோற்றதைவிட, ஒளித்ததுதான் மனதில் நிற்கும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது. உங்கள் அளவிலுள்ள அமைப்புக்குக் கூட்டமைப்பால் கிடைக்கும் உண்மையான லாபம் நிதியில் இல்லை, ஆட்களை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஒழுங்காக அனுப்பிவைப்பதில் இருக்கிறது. ஒரு பாட்டி உங்களிடம் வருகிறார். பேச்சுத் துணைக்காக வந்தார். ஓய்வூதியம் நின்றுபோயிருக்கிறது, கண் தெரியவில்லை, வீட்டில் மகன் கை நீட்டுகிறான் என்பது மூன்றாவது சந்திப்பில்தான் வெளியே வருகிறது. உங்களால் இதில் எதையும் தீர்க்க முடியாது. வழக்கமாக நடப்பது என்ன? ஒரு துண்டுச் சீட்டில் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுப்போம். அவர் கூப்பிட மாட்டார். கூப்பிட்டாலும் 'இது எங்கள் பகுதி இல்லையே' என்பார்கள்.

நல்ல கூட்டமைப்பில் நடப்பது வேறு. பாட்டியின் சம்மதத்தைக் கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் சட்ட உதவி அமைப்பைக் கூப்பிடுகிறீர்கள். பேசப்போகும் ஆளின் பெயர் உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் போன மாதம் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார், நாள் குறிக்கிறார். ஒரு வாரத்துக்குள் 'வந்தார், இது நடந்தது' என்று உங்களுக்கு ஒரு வரி திரும்பி வருகிறது. அந்தத் திரும்பி வரும் ஒரு வரியில்தான் முக்கால்வாசி ஏற்பாடுகள் விழுந்துவிடும். அனுப்பியவருக்குப் பதில் வராவிட்டால் இரண்டாவது முறை அனுப்ப மாட்டார். எனவே 15 அமைப்புகளும் முதலில் செய்யக்கூடிய எளிய வேலை இதுதான்: ஒவ்வோர் அமைப்பும் யாரை ஏற்றுக்கொள்ளும், யாரை ஏற்காது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்த்துத் திருத்த ஓர் ஆள். ஆள் மாறிப்போன பழைய பட்டியல், பட்டியலே இல்லாததைவிட மோசம்.

இதில் ஒரு பள்ளமும் உண்டு. 1869ல் லண்டனில் தர்ம அமைப்புகளை ஒருங்கிணைக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் உதவி போகக் கூடாது, ஆகவே உதவி பெறுவோரைப் பற்றிய விவரங்களைத் திரட்டிப் பகிர்வோம் என்று கிளம்பினார்கள். நல்ல நோக்கம்தான். போகப் போக அது ஏழைகளை விசாரிக்கும் வேலையாக மாறியது. இவர் உதவிக்குத் தகுதியானவர், அவர் தகுதியற்றவர் என்று தரம் பிரிப்பதே முக்கிய அலுவலாகிவிட்டது. இன்று யாராவது 'எல்லோருடைய பயனாளிகளையும் ஒரே எக்செல் தாளில் போட்டுவிடுவோம், இரட்டிப்பைத் தவிர்க்கலாம்' என்று உற்சாகமாகச் சொன்னால் எனக்கு அந்தச் சங்கம்தான் ஞாபகம் வரும். மகன் அடிக்கிறான் என்று பாட்டி உங்களிடம் சொன்னது 15 அலுவலகங்களில் திறக்கும் கோப்பில் இருக்கக் கூடாது. அந்த ஓர் அமைப்புக்குத் தேவையானதை, அவர் சரி என்றபிறகு, அந்த ஓர் ஆளிடம் மட்டும் சொல்லுங்கள்.

பெரிய அமைப்புகள் நம்மை விழுங்கிவிடுமா என்ற உங்கள் பயத்துக்கு என் பதில் சுருக்கமானது. ஓர் அமைப்புக்கு ஒரு வாக்கு என்று எழுத்தில் இருக்கட்டும், தலைமை சுழற்சியில் வரட்டும், கூட்டம் எப்போதும் பெரிய அமைப்பின் அலுவலகத்திலேயே நடக்க வேண்டாம். உங்கள் வேலையின் படங்கள் அடுத்தவர் அறிக்கையில் வந்தால் உங்கள் பெயரும் வர வேண்டும். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பெரிய அமைப்புகளுக்குக் களத்தில் ஆள் தெரிந்தவர்கள் வேண்டும், அது உங்களிடம்தான் இருக்கிறது.

கூட்டமைப்பால் மட்டுமே ஆகக்கூடிய இன்னொன்று, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தரம். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் சில நாட்களில் எல்லை தாண்டி கோமா நகரத்துக்கு வந்தார்கள். உதவி அமைப்புகளுக்குக் குறைவில்லை. இருந்தும் முதல் மாதத்தில் சுமார் 50,000 பேர் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு 1997ல் அமைப்புகள் கூடி 'ஸ்ஃபியர்' என்ற குறைந்தபட்சத் தரங்களை எழுத ஆரம்பித்தன. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்ற அளவு அதில் உள்ளதுதான். உங்கள் வேலை அந்த அளவிலானது இல்லை. ஆனால் தனியாக வாழும் முதியவர் வீட்டுக்கு ஒரு தொண்டரை அனுப்புமுன் என்னென்ன சரிபார்க்க வேண்டும், அவர் பணம் கைமாற்றலாமா, சாவி வாங்கலாமா என்பதற்கு 15 அமைப்புகளும் ஒரே விதி வைத்தால், ஓரிடத்தில் தவறு செய்து விலக்கப்பட்டவர் அடுத்த அமைப்பில் போய்ச் சேர முடியாது. தனி அமைப்பால் இதைச் செய்யவே முடியாது.

பதிவு செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. பதிவு என்றால் செயற்குழு, தேர்தல், ஆண்டுக் கணக்கு, யார் தலைவர் என்ற போட்டி. வேலை தொடங்குமுன் அரசியல் தொடங்கிவிடும். (பெயர் வைப்பதற்கே மூன்று கூட்டம் போனதைப் பார்த்திருக்கிறேன்.) கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தை 1992ல் ஆறு அமைப்புகள் தொடங்கின. 1997ல் தடை ஒப்பந்தமே கையெழுத்தாகி, அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸோடு சேர்த்து நோபல் அமைதிப் பரிசும் அந்த இயக்கத்துக்குக் கிடைத்தது. அப்போதும் அது தளர்வான ஒரு கூட்டணிதான், தனியாகச் சட்டப் பதிவு கிடையாது. பரிசுப் பணத்தை யார் பெயரில் வாங்குவது என்ற சிக்கலும் அதனால் வந்தது. ஒரு நாட்டின் ராணுவக் கிடங்கைக் காலி செய்ய வைக்கப் பதிவு எண் தேவைப்படவில்லை, காசோலையை மாற்றத்தான் தேவைப்பட்டது. உங்களுக்கும் அதே கணக்கு: கூட்டமைப்பின் பெயரிலேயே பணம் வாங்கவோ ஆள் நியமிக்கவோ வேண்டிய நாளில் பதிவு செய்யுங்கள்.

அதுவரை இரண்டு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போதும். என்ன வேலை, எவ்வளவு காலம், யார் எதைத் தருகிறார்கள், முடிவு எப்படி எடுப்பது, தகராறு வந்தால் யாரிடம் போவது. காலத்தை 18 மாதம் என்று வையுங்கள். அதற்குப் பிறகு தொடர வேண்டுமானால் மறுபடி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றிருந்தால், உயிரில்லாத கூட்டமைப்பு தானாகக் கலைந்துவிடும். விலகும்போது எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், கலைந்தால் வாங்கிய கணினி யாருக்கு, முதியவர்களின் விவரப் படிவங்களை யார் எப்போது அழிப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். தொடங்கும்போது பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று ஒருவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

கடைசியாக, கூட்டத்துக்கு யாரை அனுப்புவது? இரண்டு பணியாளர்களில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் அவரே போக வேண்டும். முறை வைத்து மாறி மாறித் தொண்டர்களை அனுப்பினால் மற்றவர்களுக்கு உங்கள் முகமே பழகாது, நான் மேலே சொன்ன அந்தத் தொலைபேசி அழைப்பும் நடக்காது. கூட்டம், பயணம், அதற்குப் பிந்தைய வேலை எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஒன்றரை நாள் ஆகும். அந்த ஒன்றரை நாள் உங்களிடம் இல்லையென்றால், முழு உறுப்பினராகச் சேராமல், ஆட்களை அனுப்பிவைக்கும் ஏற்பாட்டில் மட்டும் கலந்துகொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நான் இருந்த இடங்களில் இதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.